நிலக்கீழ் அறையில் இரண்டு கோடு சிக்னல்

போன் கட்டணத்தில் பாதியை கொம்யூன், அதாவது நகரசபை, கட்டும் திட்டத்தில் அம்மாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. எந்தக் கம்பனி என்பதை மட்டும் நாங்கள் தெரிவு செய்ய வேண்டும்.

நேற்று முழுக்க இருந்து விலை, டேட்டா எல்லாம் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டேன். இன்று ஸ்ட்ரோம்மனில் உள்ள போன் கடைக்குப் போனோம்.

விற்பனைப் பெண் என்னைப் பார்த்தே கதைத்தாள். எட்டு வயதிலிருந்து அம்மாவுக்கு மொழிபெயர்ப்பவள் நான். வாயைத் திறந்தேன்.

"நீ பேசாமல் இரு பிள்ளை," என்றார் அம்மா.

பிறகு அவரே நிதானமாக நொர்வேஜிய மொழியில் கேட்டார். "எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் எந்தக் கம்பனிக்கு சிக்னல் கிடைக்கும்?"

அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அங்கே உடுப்புத் தோய்க்க வரும் அயலவர்களின் போன்களை இரண்டு கிழமையாக வாங்கிப் பார்த்திருக்கிறார். நான் தெரிவு செய்த கம்பனிக்கு ஒரு கோடுகூட இல்லை. இன்னொன்றுக்கு இரண்டு கோடு.

"முதியோர் இல்லத்தில ஆரும் வேலைக்கு வராட்டி என்னைத்தான் வேலைக்குக் கூப்பிடுவினம். நான் கீழ தோய்ச்சுக்கொண்டு நிண்டதால கோல் வராமல் போன மாதம் மூண்டு நாள் வேலை போச்சு," என்று என்னிடம் சொன்னார்.

அந்த இரண்டு கோடு கம்பனியின் பத்திரத்தையும் அவரே வாசித்துக் கையெழுத்து வைத்தார். எனக்கு வேலையே இருக்கவில்லை. அவ்வளவு பெருமையோடு நான் எங்கேயும் சும்மா நின்றதில்லை.

அட்டவணை என்னிடம் அப்படியே இருக்கிறது. நிலத்துக்கு மேலே மட்டும் வாழ்பவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள், அனுப்பிவிடுகிறேன்.