சேவல் பலகை

ஆக்செல் சில்வர்ஹானே முப்பத்தோரு வருடம் ஸ்வீடனில் ஸ்ட்ரெங்னெஸ் என்ற ஊரில் பேருந்து ஓட்டினார். பிரபு வம்சம். வரிச்சலுகை, நாட்டுச் சபையில் நாற்காலி எல்லாம் அவருடைய பாட்டனாரின் பாட்டனார் காலத்திலேயே போய்விட்டன. மிஞ்சியது ஒரு பெயரும், ஸ்டாக்ஹோமில் பிரபுக்கள் மாளிகைச் சுவரில் வெள்ளிச் சேவல் வரைந்த ஒரு பலகையும்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, இருந்த ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு அங்கே கூட்டத்துக்குப் போவார். மறுநாள் காலை பேருந்தில், "பிரபுவே, கொஞ்சம் அழுத்தி மிதிங்க, வேலைக்கு நேரமாச்சு" என்பார்கள். சிரித்துக்கொண்டே மிதிப்பார்.

நான் குன்வோர். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ரொட்டிக்கடை வைத்திருந்தேன். ஆக்செலுக்கும் எனக்கும் மகன் டோர்கெல் பிறந்தபோது கல்யாணப் பேச்சை நான்தான் எடுத்தேன். "சேர்ந்துதானே இருக்கோம், காகிதம் எதுக்கு?" என்றார். அப்போது எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். நானும் தலையாட்டிவிட்டு, அதை மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன்.

முப்பது வருடம் கழித்து அவருடைய சித்தப்பா மகன் வாரிசில்லாமல் இறந்தான். வம்சத்தில் கடைசி ஆண் இவர்தான் என்றாயிற்று. கல்யாணமில்லாமல் பிறந்த பிள்ளைக்கு அந்த வம்சத்தில் இடமில்லை. பெற்றவர்கள் பிறகு மணந்துகொண்டால் உண்டு. கூட்டத்திலிருந்து நேராக என் கடைக்கு வந்தார்.

"குன்வோர், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? பையன் பேரு வம்சப் புத்தகத்துல ஏறிடும்."

"எனக்காகக் கேக்கறீங்களா, சேவலுக்காகவா?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். கோட்டுப் பொத்தானைத் திருகினார். "அப்ப போயி அந்தச் சேவலையே கட்டிக்குங்க" என்றேன். மறுபடி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சம்மதித்திருப்பேன்.

பிறகு ஆக்செலும் இறந்துபோனார். வம்சத்தின் கடைசி ஆணைப் புதைக்கும்போது பலகையையும் உடைப்பது வழக்கம். மாளிகையிலிருந்து வந்த ஒருவர், சேவல் வரைந்த மரப்பலகையைக் கல்லறையில் சுத்தியலால் உடைத்துக் குழியில் போட்டார். வம்சம் இத்துடன் முடிந்தது என்று அறிவித்தார். அந்த வம்சத்தின் மூக்கோடும் காதோடும் என் மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

சேவல் தலை இருந்த சில்லு அவன் காலடியில் விழுந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"அம்மா, என்னையும் அந்த வம்சத்துல சேக்கணும்னு அப்பா ஒருநாளாவது நெனச்சாரா?"

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும்.

"அவருக்கு அதெல்லாம் தோணினதே இல்லப்பா" என்றேன்.

டோர்கெல் சில்லைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குனிந்து அதையும் குழியில் போட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தான்.

நான்கு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருவான். அப்பா பேச்சை அவன் எடுப்பதே இல்லை. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் வாயைத் திறக்கிறேன். இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைக்கட்டுமா என்று கேட்கிறேன்.