இருபத்து நாலு கிலோ

எங்கள் கடையில் ஒரு குழந்தையின் விலை பூஜ்யம் யூரோ. அப்பா அம்மா பனிச்சறுக்குப் பலகை வாடகைக்கு எடுத்தால், பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இலவசம். இது நடந்த கதை. பொய் சொல்வதில் எனக்கு லாபம் இருந்தால் இன்னும் நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பேன்.

கிராட்ஸ் நகரத்திலிருந்து இந்த டிரோல் மலைப் பள்ளத்தாக்குக்கு வந்து கடையை வாங்கிய பிறகு, நான்காவது நவம்பர். 11ஆம் தேதி, காலை 9:40. பிரேமன் நகரத்து ஹாகெடோர்ன் போன் செய்தார். வருடா வருடம் பிப்ரவரி விடுமுறைக்கு ஐந்து ஜோடி சொல்லிவைப்பவர். அவர் ஒருவரே வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார்.

"பெரியவன் எழுபத்தொண்ணு கிலோ. சின்னவன் அம்பத்தெட்டு. லோட்டே... இருபத்து நாலு."

போன வருடமும் ஒன்பது வயது, இருபத்து நாலு கிலோ. அதற்கு முந்தின இரண்டு வருடமும் அதேதான். அண்ணன்களுக்கு மீசை முளைத்துவிட்டது. தங்கை மட்டும் ஒன்பது வயதிலேயே நிற்கிறாளா?

இன்னொன்றும் உறுத்தியது. அவள் ஜோடி மட்டும் சொட்டு ஈரம் இல்லாமல் திரும்பி வரும்.

"சார், இலவசத்துக்காக வயசைக் குறைங்க, போகட்டும். எடையைக் குறைச்சுச் சொன்னா, பூட்ஸைப் பிடிக்கிற கவ்வியை நான் லூசா வைப்பேன், அது நடுச்சரிவுல கழண்டுக்கும். புள்ள உயிரு சார்!"

மறுமுனையில் அவருக்குப் பின்னால்... டக். டக். டக். டக்.

பூட்ஸ் கொக்கி மாட்டும் சத்தம். வீட்டுக்குள்ளா?

"அவ வளரல," என்றார். வைத்துவிட்டார்.

என் மனைவி வ்ரோனி சிரித்தாள். "உங்க தலையில நல்லா மிளகா அரைக்கிறான். இந்தத் தடவை பொண்ணைத் தராசுல ஏத்திட்டுக் குடுங்க!"

பிப்ரவரி. சனிக்கிழமை, காலை 8:15. குடும்பத்தையே அழைத்து வரச் சொல்லியிருந்தேன். நான்கு பேர் வந்தார்கள்.

"பொண்ணு எங்க?"

அண்ணன்கள் தலை குனிந்தார்கள். தாய் தராசைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏறும்மா, லோட்டே."

தராசில் யாரும் இல்லை.

முள் நகர்ந்தது...

24.

டக்... டக்...

லோட்டேவுக்கென எடுத்துவைத்த 118ஆம் எண் ஜோடியை நீட்டினேன்.

அடுத்த சனி, மாலை 4:50. நான்கு ஜோடி திரும்பியது. ஐந்தாவதாகச் சுவரில் சாய்ந்திருந்தது ஒரு சிவப்பு ஜோடி. பழசு. நனைந்து சொட்டியது. எண் 31.

என்னுடைய எண்கள் நூறில்தான் தொடங்கும்.

பரணில் கிடந்த, பழைய முதலாளியின் பேரேட்டைப் புரட்டினேன். ஐந்து வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி.

'எண் 31. லோட்டே ஹாகெடோர்ன், 9 வயது, 24 கிலோ. பனிச்சரிவு. உடல் கிடைக்கவில்லை. பலகையும் திரும்பவில்லை.'

அதன் கீழே நான் எழுதினேன்:

31... வரவு.

118... பாக்கி.