என் லேப்டாப்பைக் கொன்ற தூசி

என் கணவரின் அண்ணனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ நடுநிலையாக எழுதுகிறேன் என்று யாராவது நினைத்துவிடுவார்கள். அவருக்கும் என்னைப் பிடிக்காது. மாரண்டஹள்ளியில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பிடிக்காமையை இருவரும் பதினோரு வருடமாகக் குறைவில்லாமல் காப்பாற்றி வந்திருக்கிறோம்.

அவர் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். என்னிடம் நேராகப் பேசமாட்டார். தம்பி மனைவியிடம் முகம் பார்த்துப் பேசக்கூடாது என்பது அவர்கள் குடும்பத்து மரியாதை. அந்த மரியாதையில் அவருக்கு ஒரு வசதியும் உண்டு. நான் இரண்டடி தள்ளி நிற்கும்போதே என் கணவரைப் பார்த்து, "உன் வூட்ல சொல்லு, அந்த மிஷினு கரண்டை உறிஞ்சுதுன்னு" என்பார். நான் பதில் சொன்னால், "நான் அவங்களையா கேட்டேன்?" என்று அதையும் தம்பியிடமே கேட்பார்.

அந்த மிஷின் என்று அவர் சொல்வது என் லேப்டாப்பை. வீடு கட்டுகிறவர்களுக்கு முகப்பு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் வேலை. ஓசூரில் உள்ள ஓர் இன்ஜினியர் பிளான் அனுப்புவார், நான் பால்கனி, தூண், கலர் எல்லாம் வைத்து நிஜ வீடு போலவே செய்து அனுப்புவேன். சாதாரண லேப்டாப் இந்தப் பாரத்தைத் தாங்காது. அதனால் கேம் ஆடுகிறவர்களுக்கென்று செய்த பழைய லேப்டாப் ஒன்றை, என் கணவரோடு கம்பெனியில் வேலை செய்தவரிடமிருந்து வாங்கினோம். அம்மிக்கல் கனம், எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு. அதில் நான் ஒரு நாளும் கேம் ஆடியதில்லை. ஆனாலும் அண்ணனுக்கு அது கேம் மிஷின்தான், என் வேலை பொம்மை வரைவதுதான்.

சித்திரை வெயிலில் அது செத்தது. பாலக்கோட்டில் கட்டப்போகும் ஒரு மாடி வீட்டின் பால்கனிக்குக் கம்பி வைத்துக்கொண்டிருந்தேன். திரையில் கோடு கோடாக விழுந்தது, பிறகு பச்சையும் ரோஸும் கட்டம் கட்டமாக வந்தது, பிறகு ஒன்றுமில்லை. உள்ளே விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

இன்ஜினியருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் ஆள் காத்திருக்கிறார்கள். "பத்து நாள் பாக்கறங்க. அதுக்கு மேலன்னா சேலத்துல ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு, அவருக்குத்தான் குடுக்கணும்" என்றார். ஒரு முறை கை மாறினால் வேலை திரும்பி வராது என்பது இருவருக்கும் தெரியும்.

அன்றைக்கே வீட்டில் அண்ணன் தம்பியிடம் சொன்னார். "போனா போவுது. மண்டிக்கு வரச் சொல்லு. தக்காளி தரம் பிரிக்கட்டும்." அந்தக் குரலில் இருந்த குளிர்ச்சியை இன்றும் மறக்கவில்லை. பத்து நாளில் இது எழுந்திருக்காவிட்டால் ஆயுசுக்கும் அவர் கண் பார்வையில் உட்கார்ந்து, பழுத்ததையும் காயையும் பிரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. என் மேஜை இருப்பது கூடத்தில். லாரி லோடு மூடும் கோணிச் சாக்குகளை அவர் உதறுவதும் அதே கூடத்தில். வாசலில் உதறக்கூடாதா என்று எத்தனையோ முறை என் கணவர் வழியாகக் கேட்டாயிற்று. மறுநாள் காலை இரண்டு வியாபாரிகள் வந்து அவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மரியாதையையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு நேராகவே கேட்டேன்.

"மாமா, உங்க சாக்குத் தூசிதான் என் மிஷினைக் கொன்னுச்சு. வேணும்னேதான் உதறுனீங்க."

டீ டம்ளர் அவர் கையிலேயே நின்றது. என்னைப் பார்க்கவில்லை. தம்பியிடம், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பாத்துக்கப்பா" என்றார். வியாபாரிகள் சிரித்தார்கள். அன்று முதல் அவர் கூடத்தின் வழியாக வருவதை நிறுத்தினார், பின் கதவால் வந்து பின் கதவால் போனார். சாப்பாடும் மண்டிக்கே போயிற்று. அவர் மனைவி தினமும் கேரியரைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது பெருமூச்சு விடுவாள். விடட்டும் என்று இருந்தேன்.

தருமபுரியில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் என் கணவரிடம், "எந்த கேம் சார் ஆடுவீங்க?" என்றார். "இது அவங்களோட வேலைக்குங்க" என்றார் என் கணவர். "சரி சார், ஓவரா ஆடுனா இப்படித்தான்" என்றார். கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, படத்தை வரைந்து திரைக்கு அனுப்புகிற பாகம் அதுதான் என்று எனக்கே பாடம் எடுத்தார், அதையும் என் கணவரின் முகத்தைப் பார்த்து. அதன் சிப்புக்குச் சூடு கொடுத்தால் ஓடும் என்றார். கொடுத்தார், மூன்று நாள் கழித்து வாங்கி வந்தோம், வீட்டில் அரை மணி நேரம் ஓடியது, மறுபடி கோடு. திரும்பக் கொண்டுபோனபோது, "மொத்த போர்டும் போச்சு சார், புதுசு பாருங்க" என்று கண்ணாடி அலமாரியைக் காட்டினார். போகிற இடத்திலெல்லாம் என் மிஷினைப் பற்றி ஆண்கள் ஆண்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாயில் வந்ததை அங்கே சொல்லாமல் வந்ததற்குக் காரணம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து நானே கழற்றினேன். அடியில் பதினோரு திருகு. மூடியை எடுத்துப் பார்த்தால், கார்டு தனியாகவே உட்கார்ந்திருக்கிறது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை, ஒரு பக்கம் பள்ளத்தில் செருகி, மேலே செம்புத் தகடு வைத்து நாலு திருகு போட்டிருக்கிறார்கள். புது லேப்டாப்புகளில் இதெல்லாம் சேர்த்தே பற்றவைத்துவிடுவார்களாம். பழையதில் மாற்றலாம். சூடு கொடுத்த கடைக்காரருக்கு இது தெரியாமலிருக்க வழியே இல்லை. அலமாரியில் இருந்ததை விற்க வேண்டும், வேறென்ன.

கார்டின் முதுகில் இருந்த எண்ணைப் போட்டு வலையில் தேடினேன். பெங்களூரில் ஒருவரிடம் பழைய கார்டு இருந்தது. "ஓடுது மேடம். ஆனா வாரண்டி கேள்பேடி" என்றார். தமிழில் அது வசவு போலக் கேட்கும். கன்னடத்தில் அவர் மரியாதையாகத்தான் சொல்கிறார், கேட்காதீர்கள் என்று. எங்கள் ஊரில் பாதிப் பேர் கன்னடம் பேசுகிறவர்கள், அதனால் எனக்குக் குழப்பமில்லை. என் மிஷினைப் பற்றி என்னிடமே பேசிய முதல் ஆண் அவர்தான். உடனே அனுப்பச் சொன்னேன்.

எட்டாவது நாள் காலையில் பார்சல் வந்தது. இந்த முறை எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டே மாட்டுவது என்று, கடைக்காரர் தொடாமல் விட்ட விசிறியின் மூடியையும் கழற்றினேன். சூட்டை வெளியே தள்ளும் மெல்லிய செம்பு இதழ்களுக்கு முன்னால் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. காற்று போக ஊசி நுழையும் வழிகூட இல்லை. ஆகா, சிக்கினார் என்றுதான் முதலில் தோன்றியது. சாக்குத் தூசியை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் அவர் மேஜையில் வைக்கலாம் என்று இடுக்கியால் இழுத்தேன்.

சாக்குத் தூசி சாம்பலும் பழுப்புமாக இருக்கும். இது மஞ்சளாக இருந்தது, நடுவே சிவப்பு. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. மோந்து பார்த்தேன். சந்தனம்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு மண்டித் தராசு, வண்டி, அரிவாள், அரிவாள்மனை என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். இந்த லேப்டாப் வந்த வருடம் அதையும் கொண்டுபோய் வரிசையில் வைத்தேன். "விளையாட்டுச் சாமானுக்கெல்லாம் பொட்டு எதுக்குன்னு கேளு" என்றார் அண்ணன் தம்பியிடம். எனக்கு வந்த கோபத்தில் அவர் தராசுக்கு வைத்ததைவிடப் பெரிதாக, கெட்டியாக, ஐந்து பொட்டு வைத்தேன். மேலே வைத்தால் கறை படியும் என்று கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தில் வைத்தேன். அடிப்பக்கத்தில்தான் விசிறி காற்றை உறிஞ்சும் வலை இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் வைத்தேன். வேறு யாரையும் அதைத் தொடவிட்டதில்லை. காய்ந்து உதிர்ந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அது வருடக்கணக்கில் உள்ளே இழுத்திருக்கிறது. மூச்சு முட்டி, சூடேறி, கார்டு வெந்துபோயிருக்கிறது. என் மிஷினும் தொழில் சாமான்தான் என்று அவருக்குக் காட்டப்போய், என் கையாலேயே அதைக் கொன்றிருக்கிறேன்.

அசிங்கமாக இருந்தது. கூடத்தில் யாருமில்லை என்றாலும் திரும்பிப் பார்த்தேன்.

இதழ்களைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். புதுக் கார்டைச் செருகி, சிப்பின் மேல் சூடு கடத்தும் பசையைப் பட்டாணியளவு வைத்து, தகட்டைப் பொருத்தி, திருகுகளை மாற்றி மாற்றி இறுக்கினேன். பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரம் இருட்டு. பிறகு திரை வெளிச்சமானது. அதற்கான சாப்ட்வேரைப் போட்டு முடித்ததும் பாலக்கோட்டு வீடு பாதிக் கம்பியோடு விட்ட இடத்திலேயே வந்து நின்றது. அழுதுவிட்டேன். மறுநாள் மாலைக்குள் முடித்து அனுப்பினேன். "சேலத்துக்காரருக்குச் சொல்லலைங்க" என்று இன்ஜினியர் பதில் போட்டார்.

சந்தனக் கட்டி குப்பைக்குப் போய்விட்டது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. என் கணவரே, "உடு, எதுக்குக் கெளறிக்கிட்டு" என்றார். எனக்கு அண்ணன் மேல் இரக்கமெல்லாம் வரவில்லை. ஆனால் தப்பு என் பக்கம் இருக்கும்போது அவரை முழு மனதோடு வெறுக்க முடியவில்லை. அது எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது.

பதினோராம் நாள் மண்டிக்குப் போனேன். டீ குடித்துச் சிரித்த அதே இரண்டு வியாபாரிகளும் இருந்தார்கள், நல்லதாகப் போயிற்று. அண்ணன் தக்காளிப் பெட்டிகளின் மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தார். என் கணவர் கூட வரவில்லை. அதனால் அவர் யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் பெட்டியையே பார்த்தார்.

"மாமா, மிஷின் போனதுக்கு உங்க தூசி காரணமில்லைங்க. பூஜைக்கு நான் வெச்ச சந்தனம்தான் உள்ள போய் அடைச்சிருக்குது. இவங்க முன்னாடி உங்களைச் சொன்னேன், இவங்க முன்னாடியே சொல்லிட்டுப் போறேன். மிஷினைச் சரி பண்ணிட்டேன், ஓடுது."

வியாபாரிகள் இந்த முறை சிரிக்கவில்லை. அவர் சாக்கின் ஓரத்தை இழுத்துக் கட்டினார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

"வேணும்னு நான் உதறல. ஆனா அது போச்சுன்னதும் எனக்கு சந்தோசமாத்தான்மா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். நீ எப்படியும் இங்க வந்துதான ஆவணும்னு, தரம் பிரிக்கிற அம்மாவை இந்த வாரத்தோட நிறுத்திட்டேன்."

என் வேலை நின்றால் அவர் சந்தோஷப்படுவார் என்பது எத்தனையோ வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். எட்டாம் நாள் பார்சல் வராமல் போயிருந்தால் அந்த அம்மாவின் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

"அவங்க வூட்டுக்கு ஆள் அனுப்பித் திரும்ப வரச் சொல்லுங்க மாமா" என்றேன்.