இருட்டில்லாத தியேட்டர்

நான் எலெக்ட்ரீஷியன். பாரிஸில் பழகிய தொழிலை லண்டனில் தொடர்கிறேன். நகரத்தின் நடுவில் இரண்டு பெரிய தியேட்டர்களுக்கு வயரிங் மாற்றியபோது நானும் அந்த வேலையில் இருந்தேன். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு நாடகம் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று முடிவு கட்டியிருந்தேன். தியேட்டர் என்றால் என்ன? இருட்டு. அத்தனை வயரும் அத்தனை சுவிட்சும் அந்த இருட்டைச் சரியான நேரத்தில் வரவழைக்கத்தான். இருட்டு வந்ததும் ஆயிரம் பேர் வாயை மூடுவார்கள். மேடையில் நிற்பவருக்கு முகத்தில் அடிக்கிற வெளிச்சத்தில் எதிரே யார் இருக்கிறார்கள் என்று தெரியவே தெரியாது. இதைச் சொல்லித்தான் என் மனைவியை நாடகம் பார்க்கச் சம்மதிக்க வைத்தேன். அதை அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகள் மருந்தாளர் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு நடிக்கப் போனாள். ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டிலிருந்து ஆர்ச்வேயில் ஓர் அறைக்கும் போய்விட்டாள். அன்று தொடக்கம் என் மனைவி அவளோடு ஒரு சொல் பேசவில்லை. எட்டு மாதம். பேச்சுத்தான் இல்லை, விசாரணைக்குக் குறைவில்லை. மகள் தொலைபேசி எடுத்தால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

“சாப்பிட்டவளோ எண்டு கேளுங்கோ.”

கேட்பேன்.

“ஓம், சாப்பிட்டிட்டன் எண்டு அம்மாட்டைச் சொல்லுங்கோ.”

சொல்வேன். தொலைபேசி ஸ்பீக்கரில்தான் இருக்கும், இரண்டு பேருக்கும் எல்லாம் கேட்கும். இருந்தாலும் நடுவில் நான் ஒருதரம் திருப்பிச் சொன்னால்தான் சொன்னது செல்லும். எனக்கு வாய் உளைந்தது. அதைவிட மனம் உளைந்தது. எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

அப்போதுதான் மகளுக்கு முதல் வேடம் கிடைத்தது. தேம்ஸ் கரையில், முதலாம் எலிசபெத் ராணி காலத்து நாடகக் கொட்டகை போலவே கட்டிய இடம். “அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, ப்ளீஸ். அவ என்னோடை கதைக்கத் தேவையில்லை. வந்து பாத்தாக் காணும்” என்றாள். இந்த முறை நான் திருப்பிச் சொல்லாமலே மனைவிக்குக் கேட்டிருந்தது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். “அவள் என்னைக் காணக்கூடாது. கண்டா ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள். பிறகு நான் எப்பிடிக் கோவமா இருக்கிறது?”

“காணவே ஏலாது. தியேட்டருக்கு வயர் இழுத்த ஆள் சொல்லுறன். கடைசி வரிசையிலை இருந்து பாத்திட்டு, லைற் போட முதல் எழும்பி வந்திடுவம். நீர் பயப்பிடாதையும்.”

கடைசி வரிசை கிடைக்க வழி எனக்குத் தெரியும். நான் பார்த்த தியேட்டர்களில் விலை இறங்க இறங்க மேடை தூரப் போகும். ஆகக் குறைந்த விலை டிக்கெட் என்றால் கூரைக்குக் கீழே, புறாக்களுக்குப் பக்கத்தில் இருக்கை. ஆகவே இருப்பதிலேயே மலிந்த டிக்கெட் இரண்டை வாங்கினேன். வேறு எதையும் வாசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு உள்ளே நுழைந்தோம். நான் பழக்கதோஷத்தில் முதலில் அண்ணாந்து பார்த்தேன், விளக்குகள் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று. விளக்கு கிடக்கட்டும், கூரையே இல்லை. தலைக்கு மேலே வானம், ஒரு விமானம், நல்ல வெயில். சுற்றிவர மூன்று மாடிக்கு மரத்தாலான இருக்கைகள், அதற்கு மட்டும் வைக்கோல் கூரை. நடுவே வெறும் முற்றம். எங்கள் டிக்கெட்டைப் பார்த்த தொண்டர் அம்மையார் மலர்ந்த முகத்தோடு அந்த முற்றத்தைக் காட்டினார். நாற்காலி கிடையாதாம். நிற்க வேண்டுமாம். மேடையின் விளிம்பு என் மனைவியின் தாடைக்கு நேரே இருந்தது.

“எங்கை உங்கடை இருட்டு?” என்று கேட்டாள்.

எனக்கு முழி பிதுங்கியது. அந்த அம்மையாரோ என் நிலைமை தெரியாமல் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் பகலில்தான் நாடகம், சூரியன்தான் விளக்கு. பணக்காரர்கள் கூரைக்குக் கீழே உட்கார்ந்தார்கள். ஏழைகள் மேடையை ஒட்டி நின்று, கொட்டைகளைக் கொறித்துக்கொண்டு, பிடிக்காவிட்டால் கத்தினார்கள். திரை இல்லை. காட்சி மாற்ற மலையும் மாளிகையும் இல்லை, நடிகர் காடு என்றால் காடு. பெண்கள் மேடை ஏறுவதில்லை, பையன்கள்தான் பெண்வேடம் கட்டினார்கள். இன்று பெண்களும் ஆண்வேடம் கட்டுகிறார்களாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே நடிகர் உங்கள் கண்ணைப் பார்த்தே பேசுவார் என்றார். அந்தக் கடைசி வசனத்தை நான் மனைவிக்கு மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

வெளியே போகலாம் என்று திரும்பினாள். அதற்குள் எங்களுக்குப் பின்னால் கூட்டம் நிறைந்துவிட்டது. சரி, குடையை விரித்து அதற்குள் ஒளிந்தாள். முற்றத்தில் குடை கூடாது, பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கும் என்று அம்மையார் மடக்க வைத்தார். ஓர் உயரமான மனிதரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள். அவர் பெருந்தன்மையாக, “உங்களுக்கு மேடை தெரியாதே, முன்னுக்குப் போங்கள்” என்று வழிவிட்டார். இத்தனைக்கும் அவள் போட்டிருந்தது மாம்பழ மஞ்சள் கோட். இருட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதைப் போடச் சொன்னதும் நான்தான்.

மாடியில் எக்காளம் ஊதினார்கள், நாடகம் தொடங்கியது. எங்கள் மகள் மீசை ஒட்டிய வேலைக்காரனாக வந்தாள். கஞ்சத் துரை ஒருவனிடம் வேலை, பெரிய ஆள், கையில் பிரம்பு. தொட்டதற்கெல்லாம் அடி. முதல் அடி விழுந்தபோது என் மனைவி என் கையைப் பிடித்தாள். மூன்றாவது அடிக்கு நகம் பதிந்தது. பிறகு வேலைக்காரன் இரவோடு இரவாகத் தப்பி ஓடுகிறான். கொளுத்தும் வெயிலில் ஒரு மெழுகுதிரியைப் பிடித்தபடி, ஒன்றும் தெரியவில்லை என்று தடவித் தடவி வந்தாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். “சும்மா இருங்கோ, பிள்ளை விழப்போறாள்” என்று மனைவி சீறினாள். ஒரு வாட் மின்சாரம் இல்லாமல் அவளுக்கு அங்கே இரவு வந்துவிட்டது. என் தொழிலுக்கே அவமானம்.

வேலைக்காரன் மேடையின் விளிம்புக்கு வந்து முழந்தாளிட்டான். துரையிடம் திரும்பிப் போகவா, ஓடவா, நீங்களே சொல்லுங்கள் என்று கூட்டத்தைக் கேட்டான். ஓடு என்றார்கள் சிலர், போ என்றார்கள் சிலர். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்து மஞ்சள் கோட்டில் நின்றான். மகள் ஒரு கணம் பேச்சை மறந்தது எனக்குத் தெரிந்தது. பிறகு தாயின் கண்ணைப் பார்த்து, மெல்லிய குரலில் அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்டாள்.

“திரும்பிப் போகாதை! அவன் அடிப்பான்!”

முற்றம் முழுக்கக் கேட்டது. வேறொரு தியேட்டர் என்றால் டோர்ச் லைட்டோடு ஆள் வந்திருக்கும். இங்கே ஒருவருக்கும் தமிழ் விளங்கவில்லை, ஆனால் எல்லோரும் கைதட்டினார்கள். மகள் தலைகுனிந்து, “ஓம், போகேல்லை” என்றாள். அதற்கும் கைதட்டல்.

ஆனால் நாடகத்தை எழுதியவர் என் மனைவியைக் கேட்டு எழுதவில்லை. அடுத்த காட்சியில் வேலைக்காரன் துரையிடம் திரும்பிப் போனான், இன்னும் மோசமாக அடி வாங்கினான். “பாருங்கோ, சொல்லச் சொல்லக் கேளாமல் போறாள். படிப்பிலையும் இப்பிடித்தான்” என்று அழுதாள். இதற்கிடையில் மழையும் பிடித்தது. யாரோ தந்த பிளாஸ்டிக் மழைக்கோட்டைக் கூடப் போடாமல் நின்றாள். நானும் அழுதேன். நல்லவேளை, மழை.

நாடகம் முடிந்து ஆற்றங்கரைக்கு வந்ததும் அவளுக்குச் சுயநினைவு திரும்பியது. “நான் ஒண்டும் அவளோடை கதைக்கேல்லை. அந்த வேலைக்காரனோடைதான் கதைச்சனான்” என்றாள். நான் ஓம் என்றேன். போய்விடலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். அவள் நகரவில்லை.

மகள் மீசையைப் பிய்த்த சிவப்பு அடையாளத்தோடு ஓடிவந்து எங்களுக்கு மூன்று அடி தள்ளி நின்றாள். கிட்ட வரப் பயம். மனைவி தானாகப் போய் அவளுடைய கையைப் பிடித்து, சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எங்கை அந்த அடிச்சவன்?”

“அம்மா, அது பொய் அடி. அவர் நல்ல மனிசன்.”

அந்த நல்ல மனிசன் அந்த நேரம் பார்த்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். தலைக்கவசமும் சிரிப்புமாக எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனார். மனைவி அவர் பாலம் ஏறும்வரை முறைத்துக்கொண்டு நின்றாள். மகளின் கையை விடவில்லை.

“நாளைக்கும் நாடகம் இருக்கோ?”

“ஓம் அம்மா. நாளைக்கு ரெண்டு தரம்.”

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். “ரெண்டுக்கும் ரிக்கெற் எடுங்கோ. இண்டைக்கு நிண்ட அதே இடம். நாங்கள் முன்னுக்கு நிண்டா அவன் கை ஓங்கப் பயப்பிடுவான்.”