ஹீட்டர் பக்கத்தில் ரஷ்யக் கேமரா

டெல்லி கரோல் பாக்கில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். பழைய சோவியத் ஃபிலிம் கேமராக்களைப் பழுதுபார்க்க வீடியோ பார்த்துக் கற்றுவருகிறேன். போன குளிர்காலத்தில் ஒரு கேமராவின் ஷட்டர் தகடுகள் பழைய எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவத்தைக் கிண்ணத்தில் எடுத்து, பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே புகைமூட்டம் என்பதால் ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன். காலடியில் ஹீட்டர் சிவந்து கனன்றுகொண்டிருந்தது.

திடீரென்று 'புஸ்'ஸென்று அந்தத் திரவத்தின் ஆவி ஹீட்டரில் பட்டு நீலத் தீ எழும்பி, கிண்ணத்தைப் பற்றிக்கொண்டது. என் சால்வை நுனியிலும் பிடித்துவிட்டது.

கட்டிலில் படித்துக்கொண்டிருந்த என் மகள், போர்த்தியிருந்த ரஜாய்ப் பஞ்சுப் போர்வையை இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்தாள்.

"அம்மா, ஷால கழட்டிப் போடு! ஜல்தி!"

சால்வையை வீசிவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை எடுத்தேன்.

"தண்ணி வேணாம்மா, இன்னும் பரவும்!"

சுவிட்சை அணைத்துவிட்டு, அந்தக் கனத்த ரஜாயைத் தீயின்மேல் போட்டு அமுக்கினாள். தீ அடங்கியது. நிமிர்ந்தவளின் ஒரு பக்கப் புருவம் கருகியிருந்தது. தீ கண்ணுக்கு எவ்வளவு அருகில் போயிருக்கிறது!

இப்போதெல்லாம் எவ்வளவு குளிரடித்தாலும் பால்கனியில் உட்கார்ந்துதான் அந்த லைட்டர் திரவப் புட்டியைத் திறக்கிறேன். விரல்கள் விறைத்துத் திருகாணி நழுவுகிறது. நழுவட்டும், தேடி எடுத்துக்கொள்ளலாம்.