கரண்டு ரம்பமும் மாமாவின் பத்து விரல்களும்

எனக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பதவி, சுவிட்ச் பலகைக் காவல். ஒன்பது வயதில் கிடைத்தது. மூன்று மணி நேரம்கூட நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கெங்கோ எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். ஒரு மனிதர் தன் பத்து விரல்களையும் என்னை நம்பி ஒப்படைத்த வேலை அது ஒன்றுதான். ஒப்படைத்தவர் என் தாய்மாமா. பாவம், அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

சூரமங்கலத்தில் அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு வாசல் உண்டு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அங்கேதான் குடில் வைப்போம். மூங்கில் குச்சி, பழைய சாக்கு, கொஞ்சம் வைக்கோல், அவ்வளவுதான். முந்தைய வருடம் தெருவில் போன மாடு ஒன்று உள்ளே வந்து குழந்தை இயேசுவின் படுக்கையை முழுதாகத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரிடம் மாடு உரிமை எடுத்துக்கொள்வதில் என்ன தப்பு என்று நான் கேட்டதற்கு அம்மா கரண்டிக் காம்பால் பதில் சொன்னார்.

இந்த வருடம் மாடு மட்டுமல்ல, யானை வந்தாலும் அசையாத குடில் என்று மாமா அறிவித்தார். முழுக்க பிளைவுட். காரணம் மாடு அல்ல. மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. திருநாள் முடிந்து ஜனவரியில் கோயிலில் திருமணம். அதற்கு முந்தைய சடங்காக, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்து மாமாவின் மோதிர விரலுக்கு அளவெடுப்பதாக இருந்தது. வருகிறவர்கள் வாசலில் காலை வைத்ததும், மாப்பிள்ளை கட்டிய குடிலைப் பார்த்து மலைத்து நிற்க வேண்டும் என்பது மாமாவின் திட்டம்.

மாமா ஜவுளிக் கடையில் பில் போடுகிறவர். அவர் ஆணி அடித்தால் ஆணி கோணிக்கொள்ளும், சுவர் பெயர்ந்துகொள்ளும். அவருக்கு அலமாரி வேலை செய்யும் நண்பர் ஒருவர் இருந்தார். அந்த ஞாயிறு காலையில் அவர் வண்டியின் முன்னால் ஒரு சாக்குப் பையை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பைக்குள்ளே இருந்தது கரண்டு ரம்பம். கையில் பிடித்து அறுக்கும் சாதனம். வட்டமான பல் பிளேடு, அதன் மேல் பாதியை மூடும் இரும்பு மூடி, கீழ்ப்பாதிக்குத் தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும் இன்னொரு மூடி, அதற்கு மேல் பிடி. பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. அம்மா பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்.

நண்பர் மூன்றே விஷயம் சொன்னார். தொளதொள துணி ஆகாது. ஒயர் எப்போதும் தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டும், பிளேடு போகிற வழியில் கிடக்கக் கூடாது. மூன்றாவதை விரல் நீட்டிச் சொன்னார். "பிளேடுகிட்ட கை போகுதுன்னா சுவிட்சை அணைச்சா பத்தாது. பிளக்கைப் புடுங்கிக் கண்ணு முன்னால வச்சுட்டுத்தான் தொடோணும். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றார் மாமா, நான் பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குப் பதில் சொல்லும் குரலில். நண்பர் ரம்பத்தை விட்டுவிட்டுக் கிளம்பினார்.

நான் அப்போது முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காக மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். மாமா அந்த மூன்றையும் என்னிடம் கட்டளைகளாகவே கேட்டார். "மூன்றாம் கட்டளை?" என்பார். நான் கைகூப்பிக்கொண்டு, "பிளக்கைப் பிடுங்காமல் பிளேடைத் தொடாதிருப்பாயாக," என்பேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்ததில் கட்டளை எங்கே விழுந்தது என்று இருவரும் கவனிக்கவில்லை.

அப்பா ரயில்வே டியூட்டியில் இருந்தார். அம்மா ஒரு நிபந்தனை போட்டார். ஹாலில் இருந்து ஜன்னல் வழியாக வாசலுக்கு ஒயர் போகிறது. சுவிட்ச் பலகை பக்கத்தில் எந்நேரமும் ஓர் ஆள் நிற்க வேண்டும். வாசலில் ஏதாவது ஆனால் டக்கென்று அணைக்க வேண்டும். வீட்டில் மீதமிருந்த ஆள் நான்.

முதல் ஒரு மணி நேரம் நான் செய்த காவலைப் போல எல்லைச்சாமி கூடச் செய்திருக்காது. ரம்பம் கத்திய கத்தலில் தெரு நாய்கள் ரயில்வே லைன் வரைக்கும் ஓடின. எனக்கு ஜன்னல் வழியே மாமாவின் கைகள் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு முறை பிளேடு பலகைக்குள் இறங்கும்போதும் என் விரல் சுவிட்சின் மேல் வியர்த்தது. ஒரு விரல் பறந்து வந்தால் அதை எதில் பிடிப்பது என்றெல்லாம் யோசித்து, பக்கத்தில் ஒரு டம்ளர்கூட எடுத்து வைத்திருந்தேன். அம்மா சமையலறையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கத்துவார். "டேய், இருக்குதாடா?"

"பத்தும் இருக்குதுக்கா!"

அம்மா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். குரலில் மட்டும் ஜெபமாலை உருண்டது.

இரண்டாவது மணி நேரத்தில் பயம் பழகிப்போனது. பயம் பழகினால் எனக்குக் குறும்பு வந்துவிடும். இது இன்றைக்கும் தீராத வியாதி.

அது தினமும் மணி வைத்துக் கரண்டைப் பிடுங்கிய காலம். எங்கள் பகுதிக்கு மதியம் இரண்டு மணி. இரண்டுக்குள் கூரைப் பலகையை அறுத்து முடித்துவிட வேண்டும் என்று மாமா பறந்துகொண்டிருந்தார். நீளமான அறுப்பு அது. விசையை அமுக்கிக்கொண்டே இருந்தால் விரல் வலிக்கும் என்று, பிடியில் இருந்த ஒரு சின்னப் பொத்தானை உள்ளே தள்ளியிருந்தார். அதைத் தள்ளிவிட்டால் விசை அமுங்கியே நிற்கும், கையை எடுத்தாலும் ரம்பம் ஓடும். காலையில் எனக்கு அதைப் பெருமையாகக் காட்டியும் இருந்தார்.

மணி இரண்டுக்குப் பத்து நிமிடம். பலகை பாதி அறுபட்டிருந்தது. நான் சுவிட்சை அணைத்தேன்.

ரம்பம் முனகி நின்றது. "அடப்பாவிகளா, பத்து நிமிஷம் முன்னாலயே புடுங்கிட்டானுங்களே!" என்று மாமா வானத்தைப் பார்த்துக் கத்தினார். நான் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன். மாமா காம்பவுண்டுச் சுவரை எட்டிப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். "ஏனுங்க்கா, உங்கூட்டுல கரண்டு இருக்குதுங்களா?"

அந்த அக்கா துணி அலசிக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் திருப்பவில்லை. "போயிருக்குமுங்க தம்பி. இந்நேரத்துக்குப் போகாம என்ன பண்ணுது?"

மார்கழிக் குளிரில் யார் வீட்டிலும் ஃபேன் ஓடவில்லை. பட்டப்பகலில் யார் வீட்டிலும் விளக்கு எரியவில்லை. ஆக, நான் ஒரு விரலால் அந்தத் தெருவுக்கே கரண்டை நிறுத்திவிட்டேன். இந்தப் பெருமையை ஜன்னலுக்குக் கீழே தனியாக உட்கார்ந்து எப்படி அனுபவிப்பது? காவலை விட்டுவிட்டு, மாமாவின் முகத்தைப் பார்க்க வாசலுக்கு ஓடினேன்.

மாமா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ரம்பத்தைப் பலகையிலிருந்து எடுத்து, பிளேடு மேலே தெரியும்படி கவிழ்த்து மடியருகே வைத்திருந்தார். கீழ் மூடியை இடது கைக் கட்டைவிரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, இடுக்கில் சிக்கியிருந்த ஒரு மரச் சிம்பை வலது கை விரலால் நோண்டிக்கொண்டிருந்தார். பிடியில் அந்தச் சின்னப் பொத்தான் இன்னும் உள்ளேயே அமுங்கிக் கிடந்தது.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமா, மூணாம் கட்டளை…" என்றேன்.

"கரண்டே இல்லையே சாமி. பிளக்கை எதுக்குப் புடுங்கோணும்?"

நியாயமான கேள்வி. அதற்கு இரண்டே வார்த்தையில் பதில் இருந்தது. நான்தான் அணைத்தேன். அதைச் சொன்னால் பதவி போகும், அம்மாவின் கரண்டிக் காம்பு வரும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, சுவிட்ச்தான் அணைந்திருக்கிறதே, அதை யார் தொடப் போகிறார்கள் என்று எனக்கு நானே வாதாடினேன். மாமாவின் விரல் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. உலகத்தில் உள்ள எல்லாச் சிம்புகளும் இவ்வளவு ஆழமாகத்தான் சிக்குமா என்று எனக்கு அழுகை முட்டியது. சரி, ஓடிப்போய் சுவிட்ச் பக்கத்திலேயே நின்றுகொள்ளலாம் என்று திரும்பினேன்.

ஜன்னலில் அம்மா தெரிந்தார்.

எங்கள் சமையலறை இருட்டு. அங்கே பகலிலும் விளக்கு எரியும். கரண்டு போய்விட்டது என்று தன் தம்பி கத்துவது காதில் விழுந்ததும், தலைக்கு மேல் எரியும் விளக்கைப் பார்த்துவிட்டு அம்மா ஹாலுக்கு வந்திருக்கிறார். அவர் கை சுவிட்ச் பலகையை நோக்கிப் போவதை நான் பார்த்தேன். "அம்மா, வேண்டாம்!" என்று கத்தினேன். அதாவது, கத்தினேன் என்று இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறேன். அது எனக்கே கேட்கவில்லை.

"டேய் தம்பி, சுவிட்ச் அணைஞ்சு கெடக்குதுடா!" என்றார் அம்மா. போட்டார்.

அந்த ஒரு நொடிக்கு முன்னால்தான் சிம்பு வெளியே வந்திருந்தது. மாமா அதை இரண்டு விரலால் தூக்கி, "பாரு சாமி, இத்தினியூண்டுப் பய!" என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் விரல் தப்பியதற்குக் காரணம் அவ்வளவுதான். என்னிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

ரம்பம் அலறியது. மாமா அதை உதறினார். தானாக மூடிக்கொள்ள வேண்டிய கீழ் மூடி மரத்தூளில் சிக்கிப் பாதியிலேயே நின்றிருந்தது. அது தரையில் விழுந்து, உயிருள்ள பிராணி போல அவர் இரண்டு பாதங்களுக்கும் நடுவே புகுந்து, லுங்கியின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு பின்பக்கமாக ஓடியது. வாசலில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பாய்ந்து நான் ஒரு பிளக்கைப் பிடுங்கினேன். மாமாவைக் காப்பாற்றியது நான்தான் என்று சொந்தபந்தத்தில் பாதிப் பேர் இன்றும் நம்புவது இந்தக் காட்சியை வைத்துத்தான். ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். நான் பிடுங்கியது வாசலில் தொங்கிய கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குள் எரியும் சீரியல் பல்பின் பிளக்.

ரம்பம் தானாகத்தான் நின்றது. ஓடிய வழியில் கிடந்த தன் ஒயரையே அது அறுத்துக்கொண்டது. பட்டென்று ஒரு பொறி, கருகிய நாற்றம், வீட்டு ஃபியூஸ் போனது. இப்போது உண்மையாகவே கரண்டு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "தம்பி, எங்கூட்டுல இருக்குதுங்க!" என்று பக்கத்து வீட்டு அக்கா நல்ல சேதி சொன்னார்.

அம்மா வாசலுக்கு வந்தார். மாமாவைப் பார்த்தார், கிழிந்த லுங்கியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சுவிட்சை எவன்டா அணைச்சது?"

பயந்தவனுக்குக் கால் வேகம் என்பார்கள். எனக்கு நாக்கு வேகம். "மாமா பிளேடுல கை வச்சாங்கம்மா. அதான் அணைச்சேன்."

அம்மா என்னை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். எண்ணெய் வாசனை அடித்தது. "ஒம்போது வயசுப் புள்ளைக்கு இருக்குற புத்தி உனக்கு இல்லையேடா!" என்று மாமாவைப் பார்த்துக் கத்தினார். "நான் வேற போட்டுத் தொலைச்சேனே, நான் வேற போட்டுத் தொலைச்சேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாமாவுக்குத் தெரியும். ரம்பம் நின்றபோது அவருடைய இரண்டு கைகளும் பிடியில் இருந்தன, பலகை பாதியில் இருந்தது. அம்மாவின் முந்தானைக்கு மேலாக அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எண்ணிக்கொண்டே நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"ஆமாக்கா," என்றார். "எம்மேலதான் தப்பு."

நான் தப்பித்தேன் என்று நினைக்க வேண்டிய நேரம் அது. நினைக்க முடியவில்லை. நாலு மணிக்குப் பெண் வீட்டார் வந்ததும் உண்மையை எல்லார் முன்னாலும் உடைக்கத்தான் வைத்திருக்கிறார் என்று தோன்றியது. அம்மா கொடுத்த முறுக்கை டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். மாமா எங்கே போனாலும் நானும் நாலடி தள்ளிப் பின்னாலேயே போனேன். அவர் பாதிக் கூரைக் குடிலை வைக்கோலால் மூடினார். குளித்தார். மூன்றரை மணிக்கு அம்மா தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்.

கழுத்துப் பட்டனைப் பிடித்தார், நழுவியது. மறுபடி பிடித்தார், நழுவியது. மூன்றாவது முறை துளை வரைக்கும் கொண்டு வந்துவிட்டு விட்டுவிட்டார். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சாமி, இதைக் கொஞ்சம் போட்டு உடு," என்றார்.

நான் முக்காலியில் ஏறி நின்றேன். சமாதானம் செய்ய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. எனக்குத் தெரிந்த சமாதானம் ஒன்றே ஒன்றுதான். "ஏனுங்க மாமா, மாப்பிள்ளைக்குப் பட்டன் போடக்கூடப் பொண்ணு ஊட்ல இருந்து ஆள் வரோணுமா?" என்றேன்.

மாமா சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவர் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. சரியாகக் காதில் விழவில்லையோ என்று இரண்டாவது பட்டனுக்கு அதையே இன்னும் சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது பட்டனுக்குக் குரலை மாற்றி, அவருடைய வருங்கால மாமனாரைப் போல இருமிக்கொண்டு சொன்னேன். ஜோக்கில்தான் எங்கோ கோளாறு என்று முடிவு செய்து, அடுத்த ஒரு வாரம் அதைத் திருத்தித் திருத்திப் பார்த்தேன்.

கடைசிப் பட்டன் போடும் வரைக்கும் அவருடைய இரண்டு கைகளும் என் கண்ணுக்கு நேர் கீழேதான் இருந்தன. ஒன்றை ஒன்று இறுகப் பிடித்திருந்தன, பிடித்தும் ஆட்டம் நிற்கவில்லை. நான் சிரிப்பு வருகிறதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.