ஒயரைக் கழற்றிய கை

முத்துமணி தெற்கேயிருந்து ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்கு வந்தவன். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் மிஷின் ஓட்டுவான். கம்பெனி இசைக்குழுவில் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பான். அந்தக் கிடாருக்குக் குரல் கொடுத்தது குழுவின் ஒலி வேலைகளைப் பார்த்த கோவிந்தப்பனின் வால்வு ஆம்ப் என்னும் பழைய ஒலிபெருக்கி. பெங்களூர் ஓட்டல் ஒன்றில் வாத்தியக் குழு கலைந்தபோது அவர் ஆசையாய் வாங்கி வந்தது.

அதன் ஸ்பீக்கர் அலறிய அலறல் பாடகி சம்பங்கியின் மைக்கிலும் புகுந்து பாட்டைக் கெடுத்தது. பேக்கிங் பிரிவில் இருந்த கோவிந்தப்பன் பிளைவுட்டில் பெரிய பெட்டி செய்து, உள்ளே பழைய மெத்தையைக் கிழித்து ஒட்டி, ஸ்பீக்கரையும் ஒரு மைக்கையும் அதற்குள் வைத்து மூடினார். சத்தம் பெட்டிக்குள் அடங்கியது. மைக் பிடித்தது மட்டும் ஒயர் வழியே, எல்லா ஒலியையும் கலக்கும் மிக்சருக்குப் போனது. சம்பங்கிக்கு உயிர் வந்தது. முத்துமணிக்குத்தான் பிடிக்கவில்லை.

"பொணப்பெட்டி மாதிரில்லா இருக்கு அண்ணே!" என்று எல்லார் முன்னாலும் சிரிப்பான்.

தொண்ணூற்று நாலில் அவன் பெங்களூரில் கையடக்கமான ஒரு கருவி வாங்கினான். ஆம்ப்புக்கும் மிக்சருக்கும் நடுவே செருகினால், ஸ்பீக்கர் முன்னால் மைக் வைத்தது போன்ற ஒலியை அதுவே தரும். "ஸ்பீக்கர் ஒயர மட்டும் கழட்டாதீங்க, வால்வு ஆம்ப்பு தாங்காது" என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார்.

ஆயுதபூஜையன்று கேன்டீன் கூடத்தில் கச்சேரி. ஸ்பீக்கர் ஓடினால் பெட்டி வேண்டும். பெட்டி வந்தால் தன் கருவிக்கு என்ன மதிப்பு? கோவிந்தப்பன் மாலை வாங்கப் போயிருந்த நேரத்தில் முத்துமணி ஸ்பீக்கர் ஒயரை உருவிப் போட்டான்.

"பாருங்க, பெட்டியும் இல்ல, ஸ்பீக்கரும் இல்ல!" என்று மைக்கில் பெருமையடித்துவிட்டு வாசித்தான். இரண்டு பாட்டு அருமையாகப் போனது. அடுத்த பாட்டில் கருகல் நாற்றம். ஆம்ப்பின் முதுகிலிருந்து புகை கிளம்ப, கிடார் ஊமையானது. கூடமே சிரித்தது.

"யாருய்யா இதுக்குப் பொறுப்பு?" என்று சூப்பர்வைசர் எழுந்தார்.

மாலையோடு வந்த கோவிந்தப்பன் ஆம்ப்பின் பின்னால் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "என்னுதுதாங்க சார். பழசு. நான்தான் சரியா பாக்கல" என்றார்.

முத்துமணி கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் போய் நின்றான்.

அதன்பின் கம்பெனி பஸ்சில் அவர் இருக்கையைத் தாண்டிக் கடைசிக்குப் போய்விடுவான். பொறுக்கமாட்டாமல் ஒரு ஞாயிறு காலை அவர் வீட்டுக்கே போனான். ஆம்ப் திறந்து கிடந்தது. கருகிய டிரான்ஸ்பார்மருக்குப் புதுக் கம்பி சுற்றக் கொடுத்திருந்தார்.

"அண்ணே, ஒயரக் கழட்டுனது நாந்தான். கடைக்காரர் வேண்டாம்னுதான் சொன்னாரு."

"தெரியும்பா. கீழ கெடந்துச்சே, பாத்தேன்."

"பொறவு ஏம்ணே பழிய ஏத்துக்கிட்டீங்க?"

"அத்தன பேரு சிரிச்சிட்டு இருந்தாங்க. நீ அழுதுடுவியோன்னு இருந்துச்சி." அவர் மனைவி வெள்ளையம்மா கொண்டு வந்த காபியை அவன் பக்கம் நகர்த்தினார். "குடி, ஆறிடப்போவுது."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது முத்துமணிக்கு.

ஆம்ப் பிழைத்து வந்தது. ஸ்பீக்கர் மறுபடி பெட்டிக்குள் போனது. புதுக் கருவியையும் கோவிந்தப்பன் ஒதுக்கவில்லை. ஒயரைக் கழற்றாமலே அதையும் சேர்த்து மாட்டி, அவன் வாசித்ததைக் கேசட்டில் பதிவு செய்தார். கேட்டுவிட்டு, "நல்லா வாசிச்சிருக்கப்பா" என்று தோளில் தட்டினார்.

முத்துமணி தரையைப் பார்த்தபடி தலையாட்டினான்.